நீல ரிப்பனும் குள்ளக் கன்றும்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாலே, 'ஐயோ, குழந்தைக்கு முதுகு வளைகிறதே!' என்று தாயார் கவலைப்படுகிற வயது. அவள், தன்னைப் போல் இருபது பங்கு எடையுள்ள ஒரு காளையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறாள். காளையும் சாதாரணக் காளையல்ல. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, காற்று ஊதும் யந்திரத்தால் உலர்த்தி, ரோமத்தை மேல்நோக்கி வாரிவிட்டு, ஜானவாசத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வருகிறது. சுற்றிலும் ஜனத்திரள். நடுவில் நிற்கும் நடுவர் அதன் முதுகைத் தடவிப் பார்க்கிறார். விலாவை அழுத்திப் பார்க்கிறார். நாலு அடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள்கூட இவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்க மாட்டாள்!

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில், மார்ச் மாத வாக்கில் காணக்கூடிய காட்சி இது. 1932-ல் ஆரம்பித்த கால்நடைக் கண்காட்சி. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டியில் நிறுத்துகிறார்கள். வகுப்பில் முதலாவதாக வந்தால் நீல ரிப்பன். எல்லா வகுப்புக்கும் மேலாக வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். 2022-ல் அப்படி வந்த காளை ஏலத்தில் 10 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏழு கோடி ரூபாய்க்கு மேல்!

"ஒரு மாட்டுக்கா ஏழு கோடி?" என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். மாட்டின் விலை அல்ல அது. ஊர்ப் பெரிய மனிதர்களும் கம்பெனிக்காரர்களும் பிள்ளைகளின் படிப்புக்காக மனம் உவந்து கொடுக்கும் நன்கொடை. வளர்த்த பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. மிச்சம் கல்வி நிதிக்குப் போகிறது.

ஆனாலும் பரிசு என்று ஒன்று வந்துவிட்டால், அதை வைத்து வியாபாரமும் வந்துவிடும் அல்லவா? பிள்ளைகளின் போட்டிக்காகவே கன்றுகளை உற்பத்தி செய்யும் பண்ணைகள் அங்கே நிறைய இருக்கின்றன. 'எங்கள் பண்ணைக் கன்று இன்ன ஊரில் முதல் பரிசு, இன்ன ஊரில் இரண்டாம் பரிசு' என்று படம் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். எத்தனை ரிப்பன் வாங்கியதோ அத்தனைக்கு அந்தப் பண்ணையின் மதிப்பு உயரும். கன்றின் விலையும் உயரும்.

ரிப்பன் வாங்கிய பண்ணை நல்ல பண்ணைதானா? இந்தக் கேள்விக்குச் சட்டென்று 'ஆமாம்' என்று சொல்லிவிடுவதற்கு முன்னால், பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தப் பிள்ளைகள் சங்கம் எப்படித் தோன்றியது என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க விவசாயக் கல்லூரிகள் புதிய முறைகளை எல்லாம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, 'வாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்' என்று குடியானவர்களைக் கூப்பிட்டன. குடியானவர்கள் அசையவில்லை. 'படித்தவனுக்கு ஏர் பிடிக்கத் தெரியுமா?' என்று கேட்டார்கள். நம் ஊர்க் குரல் மாதிரியே இருக்கிறதா? பெரியவர்களிடம் பலிக்காததைச் சிறியவர்களிடம் பரீட்சித்துப் பார்த்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. 1902-ல் ஓஹையோ மாகாணத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக்கூடத் தலைவர் பிள்ளைகளுக்கென்று ஒரு விவசாயச் சங்கம் ஆரம்பித்தார். 1910-ல் தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, பெண் குழந்தைகளைச் சேர்த்துத் தக்காளிச் சங்கம் வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டு நிலம். அதில் விளைந்த தக்காளியை டப்பாவில் அடைத்து விற்றுச் சொந்தமாகக் காசு பார்த்தார்கள் அந்தக் குட்டிப் பெண்கள். மகன் போட்ட புதிய விதை, அப்பா வயலைவிட அதிகமாக விளைந்தபோது அப்பாவும் மெள்ளத் திரும்பிப் பார்த்தார்.

இப்படிப் பல இடங்களில் முளைத்த சங்கங்கள்தாம் பிறகு ஒன்றாகிப் '4-எச்' என்ற பெயரில் தேசமெங்கும் பரவின. தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நாலு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்து அது. 1928-ல் எதிர்கால விவசாயிகள் சங்கம் என்று இன்னொன்று பிறந்தது. நீல நிறக் கோட்டு அதன் அடையாளம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளும் உரிமை பெண்களுக்கு நாடு முழுவதும் கிடைத்தது 1969-ல்தான். நாற்பத்தொரு வருஷம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்!

தக்காளிக்கும் சோளத்துக்கும் போட்டி வைத்தவர்கள் கன்றுக்கும் வைத்தார்கள். சிகாகோவில் 1900 முதல் 1975 வரை நடந்த சர்வதேசக் கால்நடைக் கண்காட்சிதான் அந்நாளில் மாடுகளுக்கு ராஜசபை. அங்கே மேடை ஏறிய மாட்டைப் பார்த்துத்தான் நாட்டின் மூலை முடுக்குகளில் உள்ள பண்ணையார்கள், 'இனிமேல் மாடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று தீர்மானிப்பார்கள். சினிமாவில் கதாநாயகி கட்டிய புடவை மறுமாதம் கடைவீதிக்கு வந்துவிடுகிறதல்லவா, அந்த மாதிரி.

1940-களில் நடுவர்களுக்கு ஒரு மோகம் பிடித்தது. மாடு குட்டையாக இருக்க வேண்டும். கால் தெரியக் கூடாது. பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி கட்டையும் கொழுப்புமாக இருக்க வேண்டும். ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் ஆகிய இரண்டு உயர்ந்த இனங்களிலும் இந்த மோகம் ஏறியது. மனிதனின் இடுப்பு வாரின் உயரத்துக்குத்தான் நின்றன சில பரிசுக் காளைகள். புகைப்படம் எடுக்கும்போது, இருக்கிற காலும் தெரியக் கூடாதென்று வைக்கோலைக் குவித்து அதில் நிறுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களில் அந்தப் பெருமை வாய்ந்த கொட்டில்களில் விபரீதமான கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன. குள்ளக் கன்றுகள். புடைத்த நெற்றி, உப்பிய வயிறு, மூச்சு விடும்போதெல்லாம் 'கர்... கர்...' என்ற சத்தம். வளராமல், தேறாமல், பெரும்பாலும் சின்ன வயதிலேயே செத்துப் போயின. தகப்பன் காளையோ பல ரிப்பன் வாங்கியது. தாயும் உயர்ந்த வம்சம். பின் இது எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். குள்ளத்தைத் தரும் ஒரு மரபுக் கூறு அந்த வம்சங்களில் மறைந்து கிடந்தது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற மாடு நோயாளியாக இராது. சற்றே குட்டையாக, கட்டையாக, நடுவரின் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதற்குத்தான் ரிப்பன் கிடைத்தது. ரிப்பன் வாங்கிய காளையைத்தான் எல்லோரும் பொலிகாளையாகத் தேடினார்கள். அப்படிப்பட்ட காளையும் பசுவும் சேர்ந்தால், சராசரியாக நாலு கன்றில் ஒன்று குள்ளம். நடுவர் குள்ளத்துக்குப் பரிசு கொடுக்கவில்லை. ஆனால் அவர் பரிசு கொடுத்த அழகுக்குள்ளே குள்ளம் ஒளிந்துகொண்டிருந்தது.

இதில் இன்னும் வருந்தத்தக்க பகுதி ஒன்று உண்டு. குள்ளக் கன்று பிறந்தது வெளியே தெரிந்தால் வம்சத்தின் பெயர் கெட்டுவிடும், காளை விலை போகாது என்று பயந்து, சில பண்ணையார்கள் அந்தக் கன்றுகளைச் சத்தமில்லாமல் தீர்த்துக் கட்டினார்கள். மூடி மறைக்க மறைக்க வியாதி பரவிற்று. 1950-களில் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் கன்றுகளின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். காளைகளின் நெற்றி வளைவை அளக்க ஒரு கருவி செய்தார்கள். கடைசியில் கைகொடுத்தது வம்சாவளிப் புத்தகம்தான். எந்தக் காளையின் வாரிசில் குள்ளம் வந்தது என்று தேடிப் பிடித்து, அந்த வம்சங்களையே ஒதுக்கினார்கள். பொன்னும் மணியுமாக வாங்கிய மாடுகள் ஒரே நாளில் விலையற்றுப் போயின.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா? வந்தது, ஆனால் அளவுக்கு மீறி வந்தது! 1969-ல் சிகாகோவில் 'கொனாக்கோ' என்ற உயரமான கலப்பினக் காளைக்கு முதல் பரிசு கிடைத்தது. அவ்வளவுதான், எல்லோரும் உயரத்தின் பின்னால் ஓடினார்கள். 1980-களில் ஒட்டகத்துக்குத் தம்பி மாதிரி நெட்டை மாடுகள் கண்காட்சிகளில் உலாவின. அவை தின்கிற தீனிக்கு உடம்பு தேறுவதில்லை என்று கண்டபின், மறுபடி நடுத்தர அளவுக்கு இறங்கி வந்தார்கள்.

இதே நாட்டில், இதே காலத்தில், ரிப்பனைப் பற்றி நினைக்காமலே வளர்ந்த இன்னொரு மாட்டினம் உண்டு. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். அதன் பூர்வீகம் வேறெங்கும் இல்லை, நம் இந்தியாதான்.

அமெரிக்காவின் தெற்குக் கடற்கரை ஓரத்தில் வெயிலும் புழுக்கமும் அதிகம். உண்ணிகளோ கணக்கில் அடங்கா. மாடுகளைக் கொன்று குவித்த ஒரு காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது என்று 1893-ல் தியோபால்டு ஸ்மித் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் கண்டு சொன்னார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த சீமை மாடுகள் அந்த வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழல் தேடின. நம் நாட்டு மாடோ, திமிலை ஆட்டிக்கொண்டு நடு வெயிலில் மேய்ந்தது. தளர்ந்து தொங்கும் தோல், வெள்ளை ரோமத்துக்கு அடியில் கறுப்புத் தோல், வேர்வை சிந்தும் உடம்பு எல்லாம் அதற்கு இயற்கை கொடுத்த குடை. உண்ணிக்கும் அது எளிதில் அசையாது.

1854-ல் லூயிஸியானாவில் பாரோ என்ற தோட்டக்காரருக்கு, பருத்தி, கரும்பு சாகுபடியில் அவர் செய்த உதவிக்காக, பிரிட்டிஷ் சர்க்கார் இரண்டு இந்தியக் காளைகளைப் பரிசாக அனுப்பியது. 1906-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த போர்டன் என்பவர் இந்தியாவுக்கே வந்து வாங்கிச் சென்றவற்றில் 33 மாடுகள் போய்ச் சேர்ந்தன. 1920-களில் பிரேஸில் நாட்டிலிருந்து மெக்ஸிகோ வழியாக இன்னும் சில மந்தைகள் வந்தன. அந்த பிரேஸில் மாடுகளில் ஒரு வகைக்கு 'நெலோர்' என்று பெயர். நம் நெல்லூர்தான்! ஓங்கோல் தாலுகா 1904 வரை பழைய சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில் இருந்தது. அதனால் ஓங்கோல் மாடு கடல் கடந்தபோது நெல்லூர் மாடு என்ற பெயரோடு போயிற்று.

ஓங்கோல், குஜராத்தின் கீர், காங்க்ரேஜ், கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்கின் மாடு இவையெல்லாம் கலந்து உருவான இனத்துக்கு 1924-ல் ஹூஸ்டனில் ஒரு சங்கம் வைத்து, 'பிராமன்' என்று பெயர் சூட்டினார்கள். மொத்தம் இறக்குமதியானவை முந்நூறுக்கும் குறைவு. அவற்றில் பசுக்கள் மிகச் சொற்பம். ஆகவே உள்ளூர்ப் பசுக்களோடு காளையைச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள்.

சீமை இனங்களுக்கே மரியாதை இருந்த அந்நாளில், திமிலும் தொங்கும் காதும் அலைதாடியுமாக நின்ற இந்த மாடு நடுவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றவில்லை. அதுவே அதற்கு நல்லதாய்ப் போயிற்று! வருஷம் தவறாமல் கன்று போடுகிறதா, கன்றுக்குப் பால் போதுகிறதா, வெயிலைத் தாங்குகிறதா என்பவைதான் அதற்கு வைத்த பரீட்சை. இன்னொன்றும் பார்த்தார்கள்: குணம். 1930-களில் ஹட்ஜின்ஸ் பண்ணையில் பேர் பெற்ற பொலிகாளை ஒன்று இருந்தது. அமெரிக்க பிராமன் மாடுகள் பலவற்றுக்கு அதுவே மூதாதை. அதன் பெயர் 'மான்சோ'. ஸ்பானிஷ் மொழியில் 'சாது' என்று அர்த்தம். அன்பாக நடத்தினால் குழந்தை பின்னால் நாய்க்குட்டி மாதிரி வரும். அடித்து மிரட்டினால் நெடுநாள் மறக்காது. இன்று அந்த இனத்துக்கும் ஹூஸ்டன் போட்டியில் தனிப் பிரிவு உண்டு. ஓங்கோல் மாட்டின் வாரிசை டெக்ஸாஸ் சிறுமி முத்தம் கொடுத்து நடத்திப் போகிறாள்.

ஒரு பக்கம் ரிப்பனுக்காக வளர்த்துக் குள்ளத்தில் முடிந்த வம்சம். இன்னொரு பக்கம் பிழைப்புக்காக வளர்த்து ரிப்பனும் கிடைத்த வம்சம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என் அபிப்பிராயம் உங்களுக்கே விளங்கும்.

இனி பிராமன் மாட்டுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. ரிப்பன் கிடைக்கத் தொடங்கியதும் சோதனையும் தொடங்குகிறது. 1990-களில் மாட்டின் சதையைப் பெருக்கிக் காட்ட 'கிளென்பியூட்டரால்' என்ற மருந்தைக் கொடுத்தது பல கண்காட்சிகளில் பிடிபட்டது. இறைச்சி வழியாக மனிதரையும் நோயில் தள்ளக்கூடிய மருந்து அது. பத்து வயதுக் குழந்தைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும்? பக்கத்தில் நின்ற பெரியவரிடமிருந்துதான். 2000-க்குப் பின்னும், பரிசுக் கன்றுகளுக்குப் பேர்போன சில வம்சங்களில் பின்னங்கால் எலும்பு சரியாக உருவாகாத கன்றுகள் பிறந்தன. நல்லவேளை, இன்று ஒரு கற்றை ரோமத்தை வேரோடு பிடுங்கி அனுப்பினால் மரபணுப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். மறைக்கிறவன் மறைத்தாலும் ரோமம் மறைக்காது.

கண்காட்சிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. போட்டிக்குப் பல மாதம் முன்பே காளையைப் பதிவு செய்ய வேண்டும். நமக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்குரேகை உண்டு; அதைப் பதிந்து வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் வேறு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும் தந்திரத்தைத் தடுக்கிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, நடத்திக் காட்டும் போட்டி. அதில் மாட்டின் அழகுக்கு மார்க்கே கிடையாது. பிள்ளை மாட்டை எப்படி நிறுத்துகிறான், அது மிரண்டால் தான் மிரளாமல் இருக்கிறானா என்பதற்குத்தான் மார்க். சில சமயம் நடுவர், 'உங்கள் மாடுகளை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார். லட்ச ரூபாய்க் கன்றைப் பிடித்து நின்றவன் கையில் ஏழைப் பிள்ளையின் கன்று. அவன் கையில் இவனுடைய கன்று. அப்பா பணம் போட்டு வாங்கியது எது, பிள்ளை தானாகக் கற்றது எது என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காளைகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறவை. ஏலம் முடிந்ததும் அவை வீடு திரும்புவதில்லை. விடியற்காலையில் எழுந்து தண்ணீர் காட்டி, தவிடு வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த குழந்தை, வெறும் தலைக்கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு கொட்டிலில் நின்று விம்முவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கலாம். நம் வாசகிகள் பலருக்கு இது மனசுக்கு ஒப்பாது. அங்கேயும் ஒப்பாத தாய்மார்கள் இருக்கிறார்கள். 'உண்கிற உணவு எங்கிருந்து வருகிறதென்று குழந்தைக்குத் தெரியட்டும்' என்கிறார்கள் ஒரு சாரார்; 'அதற்கு இந்த வயதா?' என்கிறார்கள் மற்றொரு சாரார். இதற்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், அழுகிற குழந்தைக்கு அந்த ரிப்பன் சமாதானம் ஆவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதனால்தானோ என்னவோ, பல குடும்பங்கள் காளையை விட்டுக் கிடேரியை வாங்கிக் கொடுக்கின்றன. 1942 முதல் ஹூஸ்டனில் கன்று பிடிக்கும் பந்தயம் ஒன்று நடக்கிறது. மைதானத்தில் கன்றுகளை அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளைகள் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தவருக்குத் தாமே ஒரு மாடு வாங்கி வளர்க்கப் பணச் சீட்டு கிடைக்கும். பணம் கொடுத்த தருமவானுக்கு மாதா மாதம், 'மாடு இப்படி இருக்கிறது, இவ்வளவு தின்றது' என்று கடிதம் எழுத வேண்டும். கிடேரியை வாங்கியவர்களுக்குப் பிரிவு இல்லை, பொறுப்புத்தான் உண்டு.

இளைஞர் கண்காட்சிகள் பலவற்றில் பசுவும் கன்றும் சேர்ந்து வரும் பிரிவு ஒன்று இருக்கிறது. போன வருஷம் கிடேரியாக வந்தது இந்த வருஷம் தாயாக வரும். தன் கன்று பக்கத்தில் துள்ள, மடி நிறைந்து, நாலு காலும் திடமாக நடந்து வர வேண்டும். சோப்பும் சீப்பும் அங்கே அதிகம் உதவாது. கன்றே சாட்சி. மாட்டுப் பண்ணை எதையாவது யாராவது ரிப்பன்களை அடுக்கிக் காட்டிப் புகழ்ந்தால், அந்தப் பிரிவை நினைத்துக்கொண்டு, "இதன் தாய் எங்கே? எத்தனை ஈற்று ஈன்றது?" என்று கேளுங்கள். பதில் சொல்லக் கொட்டிலுக்கு அழைத்துப் போனால், அது நல்ல பண்ணை.